போர்ட் நம்பர் கொடுத்த தாடிக்காரர்

போன மாசம் எங்க ப்ராஜெக்ட் செகண்ட் ரிவ்யூ. நாலு பேர் டீம். ஆப் என் லேப்டாப்ல, 3000-ங்கிற போர்ட்ல சூப்பரா ஓடிட்டு இருந்துச்சு. கைடு மேடம் முழுசா பார்த்துட்டு, இதை என் போன்ல திறந்து காட்டுப்பான்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க. ஹோஸ்டிங் எதுவும் நாங்க பண்ணவே இல்லை. பக்கத்துல நின்னவன் காதுக்குள்ள, டனல் போடுடான்னான். ஒரே ஒரு கமாண்ட். பத்து செகண்ட்ல எழுத்தும் எண்ணுமா கன்னாபின்னான்னு ஒரு அட்ரஸ் வந்து விழுந்துச்சு. மேடம் அதை போன்ல டைப் பண்ணாங்க, திறந்துச்சு. தப்பிச்சோம்.

பிரச்சினை என்னன்னா, அந்த டனலை மூட மறந்துட்டேன். லேப்டாப் தூங்காத மாதிரி செட்டிங் வேற மாத்தி வச்சிருந்தேன். காலைல எழுந்து டெர்மினலைப் பார்த்தா வரிசை வரிசையா ரிக்வெஸ்ட். எங்ககிட்ட வேர்ட்பிரஸ்ஸே கிடையாது, அதோட லாகின் பக்கத்தைக் கேட்டிருக்கு. பாஸ்வேர்ட் எல்லாம் எழுதி வைக்கிற என்வ் ஃபைலைக் கேட்டிருக்கு. கிட் ஃபோல்டரைக் கேட்டிருக்கு. எதுவும் மனுஷன் இல்லை, எல்லாம் பாட். நல்லவேளை, எல்லாத்துக்கும் 404-ன்னு பதில் போயிருந்துச்சு.

வயித்தைக் கலக்குனது அடங்கின பிறகு அந்த டெர்மினலையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். அதுல இருந்த எண்கள்: 127.0.0.1, 3000, 443. அப்புறம் அந்த அட்ரஸ்ல இருந்த புள்ளிகள். நாலு வருஷமா தினமும் டைப் பண்றோம். இதையெல்லாம் யார் முடிவு பண்ணது? ஏன் 127? ஏன் எஸ்எஸ்எச்-க்கு 22? தேடத் தேட ஒரே பேர் திரும்பத் திரும்ப வந்துச்சு. ஜான் போஸ்டல். நம்ம நெட்வொர்க்ஸ் சிலபஸ்ல அவர் பேர் எங்கேயுமே இல்லை. அவர் எழுதினதுதான் முக்கால்வாசி சிலபஸ்.

ஜான் போஸ்டல் 1943 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஆல்டடீனா என்ற ஊரில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இருக்கிற வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அதே பள்ளியில்தான் விண்ட் செர்ஃப், ஸ்டீவ் க்ராக்கர் ரெண்டு பேரும் படித்தாங்க. இணையத்தோட அடித்தளத்தைப் போட்ட மூணு பேர் ஒரே ஸ்கூல். அப்புறம் யுசிஎல்ஏ. 1966-ல் பொறியியலில் இளநிலை, 1968-ல் முதுநிலை, 1974-ல் கணினி அறிவியலில் முனைவர் பட்டம்.

அவர் அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த நேரம் சாதாரண நேரம் இல்லை. 1969 செப்டம்பரில் அர்பாநெட்டின் முதல் கணு யுசிஎல்ஏ-வில்தான் வந்து இறங்கியது. லியனார்ட் க்ளைன்ராக் என்ற பேராசிரியரின் ஆய்வகம். அக்டோபர் 29-ஆம் தேதி அங்கிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு லாகின் என்ற வார்த்தையை அனுப்பப் பார்த்தார்கள். ரெண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கம் சிஸ்டம் க்ராஷ் ஆகிவிட்டது. இன்டர்நெட்டோட முதல் டெமோவே சொதப்பல்தான். ரிவ்யூல சொதப்புற எல்லாருக்கும் இது ஒரு ஆறுதல்.

அந்த ஆய்வகத்தில் போஸ்டல் மாதிரி மாணவர்கள் செய்த வேலை என்னன்னா, கணினிகள் ஒன்றோடு ஒன்று எப்படிப் பேச வேண்டும் என்ற விதிகளை எழுதுவது. யாரும் அவங்களுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை. பெரியவங்க யாராவது வந்து சரியான முறையைச் சொல்லுவாங்கன்னு காத்திருந்தாங்க, யாரும் வரவில்லை. அதனால் ஸ்டீவ் க்ராக்கர் 1969 ஏப்ரலில் ஒரு குறிப்பு எழுதினார். இது உத்தரவு இல்லை, கருத்து கேட்கிறோம், அவ்வளவுதான் என்ற தொனி தெரியணும்னு அதுக்கு கருத்து கோரும் குறிப்பு என்ற அர்த்தத்தில் ஆர்எஃப்சி என்று பெயர் வைத்தார். இன்றைக்கு வரைக்கும் இணையத்தின் விதிகள் அந்தப் பணிவான பேரில்தான் வெளியாகுது. கொஞ்ச நாளில் அந்தக் குறிப்புகளைத் திருத்தி, எண் போட்டு வெளியிடுற வேலை போஸ்டலிடம் வந்து சேர்ந்தது. சாகும் வரை, கிட்டத்தட்ட முப்பது வருஷம், அந்த வேலையை அவர் விடவில்லை.

இப்போ எண்களுக்கு வர்றேன். எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான்.

ஒரு கணினியில் பல சேவைகள் ஓடும். வெளியே இருந்து வருகிற ஒருத்தருக்கு எது எந்தக் கதவுன்னு தெரியணும். ஒவ்வொரு ஊர்க்காரனும் தன் இஷ்டத்துக்கு ஒரு எண் வச்சா யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. எனவே 1972 மே மாதத்தில், 349-ஆவது ஆர்எஃப்சியில், போஸ்டல் ஒரு யோசனை சொன்னார்: சேவைகளுக்கு எண் கொடுக்க ஒரே ஒருத்தர் இருக்கணும், ஒரு சக்கரவர்த்தி மாதிரி. அது நானாவே இருக்கலாமோ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறியோடு கேட்டு வைத்தார். யாரும் வேண்டாம்னு சொல்லவில்லை. அவ்வளவுதான், நியமனம் முடிந்தது. அவருக்கு வயது 28.

எந்த எண் யாருக்குன்னு அவர் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். யாராவது புதுசா ஒரு சேவை கண்டுபிடித்தால் போஸ்டலைக் கேட்பார்கள், அவர் ஒரு எண் கொடுப்பார், பட்டியலில் ஒரு வரி கூடும். நம்ம ஹாஸ்டல்ல வாட்டர் கேன் கணக்கு எழுதுற பையன் செய்யுறது மாதிரிதான். ஒரே வித்தியாசம், இந்த நோட்டை உலகமே பின்னாடி நம்ப வேண்டியதாகிவிட்டது.

எஃப்டிபி 21, டெல்நெட் 23, எஸ்எம்டிபி 25. எல்லாம் ஒற்றைப்படை எண்ணா இருக்கே, கவனிச்சிருக்கீங்களா? வைவாவுக்கு மனப்பாடம் பண்ணப்போகூட எனக்கு அது தோணலை. காரணம் இதுதான்: டிசிபி வருவதற்கு முன்னாடி அர்பாநெட்டில் என்சிபி என்று ஒரு முறை இருந்தது. அதில் ஒரு சாக்கெட்டில் ஒரே திசையில்தான் தரவு போகும். பேசுறதுக்கு ஒன்று, கேட்கிறதுக்கு ஒன்று என்று ஜோடியாக வேண்டும், ஒன்று ஒற்றை, ஒன்று இரட்டை. டிசிபியில் ஒரே போர்ட்டில் ரெண்டு பக்கமும் போக முடியும் என்றானதும் ஜோடி தேவைப்படவில்லை. ஆனால் பழக்கப்பட்ட எண்கள் அப்படியே தங்கிவிட்டன. நடுவில் பல இரட்டைப்படை எண்கள் காலியாகக் கிடந்தன. அதில் ஒரு காலி எண் 23 வருஷம் கழித்து ஒரு ஃபின்லாந்துக்காரர் கைக்குப் போகும். அதைப் பிறகு சொல்றேன்.

படிப்பு முடிந்ததும் வேறு சில இடங்களில் வேலை செய்துவிட்டு, 1977-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில், அதாவது ஐஎஸ்ஐ-யில் சேர்ந்தார். மரீனா டெல் ரே என்ற கடலோர ஊர். கடைசி வரை அங்கேதான். நெஞ்சு வரை நீண்ட தாடி, காலில் செருப்பு, இந்தக் கோலத்தில்தான் பெரிய பெரிய மீட்டிங்குக்கெல்லாம் போவார். லீவு கிடைத்தால் சியரா நெவாடா மலையில் முதுகுல பையைத் தூக்கிட்டு நடப்பார். கூட்டம், மேடை, பேட்டி இதெல்லாம் அவருக்கு ஆகாது.

சேர்ந்த வருஷமே ஒரு பெரிய விஷயம் செய்தார். அப்போ டிசிபி என்பது ஒரே மொத்தமான ஒரு மென்பொருள். பாக்கெட்டை வழி தேடி அனுப்புறதும் அதுதான், தொலைந்துபோனதைத் திரும்பக் கேட்கிறதும் அதுதான். 1977 ஆகஸ்டில் போஸ்டல் ஒரு குறிப்பு எழுதினார். ரெண்டு வேலையையும் ஒன்றில் திணித்து அடுக்கு முறையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம், இது தப்பு என்று கொஞ்சம் காட்டமாகவே எழுதினார். அதே ஐஎஸ்ஐ-யில் இருந்த டேனி கோஹன், நெட்வொர்க்கில் குரலை அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். குரலில் ஒரு துண்டு தொலைந்தால் அதைத் திரும்பக் கேட்டு என்ன பிரயோஜனம்? அதற்குள் பேச்சு நகர்ந்துவிடும். அவரும் பிரிக்கணும்னு நின்றார். 1978-ல் டிசிபி தனி, ஐபி தனி என்று ஆனது. நம்பிக்கையை விட வேகம் முக்கியம் என்பவர்களுக்கு யூடிபி வந்தது. 1980 ஆகஸ்டில் போஸ்டல் எழுதிய யூடிபி ஆர்எஃப்சி மொத்தம் மூணே பக்கம். நீங்க ராத்திரி விளையாடுற கேம், வீடியோ கால் எல்லாம் அந்த மூணு பக்கத்து மேல ஓடுது. நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல அக்னாலெட்ஜ்மென்ட்டே ரெண்டு பக்கம் வரும்.

1981 செப்டம்பரில் ஐபி, ஐசிஎம்பி, டிசிபி மூன்றுக்குமான ஆர்எஃப்சிகள் அடுத்தடுத்த எண்களில் அவர் கையால் வெளியாயின. 791, 792, 793. அடுத்த வருஷம் எஸ்எம்டிபி. அதே 1981-ன் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட எண் பட்டியலில்தான் 127 என்ற நெட்வொர்க் எண் யாருக்கும் கொடுக்கப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கு. முதல் வகையில் கடைசி எண் அது. 1986-ல் அவரும் அவரோட சக ஊழியர் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் வெளியிட்ட பட்டியலில் அதற்கு ஒரு வேலை கிடைத்தது: லூப்பேக். அந்த எண்ணுக்கு அனுப்பினது வெளியே எங்கேயும் போகக் கூடாது, தனக்கே திரும்பி வரணும். கிட்டத்தட்ட 1 கோடியே 67 லட்சம் அட்ரஸ்கள் அந்த ஒரு எண்ணுக்குள்ள அடங்கும். நாம பயன்படுத்துறது ஒண்ணே ஒண்ணு, 127.0.0.1. அப்போ அட்ரஸ் தீர்ந்துபோகும்னு யாரும் நினைக்கலை. இப்போ பார்த்தா இது கொஞ்சம் ஊதாரித்தனம்தான்.

என்சிபியிலிருந்து டிசிபிக்கு மாறுவது லேசான வேலையாக இல்லை. திட்டத்தை எழுதியது போஸ்டல். 1983 ஜனவரி 1 கடைசி நாள் என்று குறித்தார்கள். நம்ம ஊர் வழக்கம்போல அங்கேயும் எல்லாரும் கடைசி நேரம் வரை தள்ளிப்போட்டார்கள். அதனால் 1982-ன் நடுவில் ஒரு நாள் முழுக்க என்சிபியை அணைத்துக் காட்டினார்கள். அப்புறமும் நகராதவர்களுக்காகப் பிறகு ரெண்டு நாள் அணைத்தார்கள். ஜனவரி 1 வந்தது, மாறியது.

மாறியதும் அடுத்த தலைவலி, பெயர்கள். அதுவரைக்கும் எந்தக் கணினிக்கு எந்த எண் என்பது ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் குழு பராமரித்த ஒரே ஒரு ஃபைலில் இருந்தது. எல்லாரும் அதை இறக்கி வைத்துக்கொள்ளணும். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. மாற்று யோசனைகள் பல வந்திருந்தன. ஐஎஸ்ஐ-யில் இருந்த பால் மொக்கபெட்ரிஸிடம் போஸ்டல் அந்த யோசனைகளைக் கொடுத்து, இதில் எதாவது சமரசம் வருமா பார் என்றார். அவர் எல்லாத்தையும் ஓரமா வைத்துவிட்டு புதுசா ஒண்ணு செய்தார். அதுதான் டிஎன்எஸ், 1983. போஸ்டல் கோபப்படவில்லை. அடுத்த வருஷம் அவரும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் காம், எடு, கவ், மில், ஆர்க் என்று மேல்மட்டப் பெயர்களை வரையறுத்தார்கள். நாடுகளுக்கு ரெண்டு எழுத்து. இந்தியாவின் இன் 1989-ல் வந்தது.

இந்த நாட்டு எழுத்து விஷயத்தில் அவர் செய்ததை யோசித்துப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமா இருக்கு. எது நாடு, எது நாடில்லை என்று யார் சொல்வது? ஒரு இன்ஜினியர் சொல்ல முடியுமா? சொன்னால் சண்டை வரும். அவர் ஏற்கெனவே இருந்த ஐஎஸ்ஓ தரப் பட்டியலை எடுத்துக்கொண்டார். அதில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. முடிவெடுக்கிறது என் வேலை இல்லைன்னு ஒதுங்கிக்கிட்டார். 1994-ல் ஒரு ஆர்எஃப்சியில் அதை எழுதியும் வைத்தார்.

ஆளு சீரியஸ்னு நினைச்சிடாதீங்க. ஏப்ரல் முதல் தேதி வந்தால் கேலி ஆர்எஃப்சிகளை அவரே வெளியிடுவார். புறா காலில் பாக்கெட் கட்டி அனுப்புவது எப்படி என்று 1990-ல் ஒன்று வந்தது. காபி மெஷினை நெட்வொர்க்கில் இயக்கும் விதிகள் 1998 ஏப்ரலில் வந்தது. நான் டீ கெட்டில், என்கிட்ட காபி கேட்காதே என்ற அந்த 418 எரர் அதில்தான் இருக்கு.

அவர் பேரால் சொல்லப்படுகிற ஒரு விதி உண்டு. 1980-லேயே எழுதியது. நீ அனுப்புறதில் கறாரா இரு, மத்தவங்க அனுப்புறதை வாங்குறதில் தாராளமா இரு என்பது அதன் சாரம். பல கம்பெனி, பல பல்கலைக்கழகம் எழுதிய அரைகுறை மென்பொருள்கள் ஒன்றோடு ஒன்று பேசியாகணும் என்ற காலத்தில் அந்தத் தாராளம் இல்லை என்றால் நெட்வொர்க்கே எழும்பியிருக்காது. ஆனா அந்த விதியில் எனக்கு முழு சம்மதம் இல்லை. தப்பா அனுப்பினதையும் வாங்கிக்கிட்டா, அந்தத் தப்பே நாளைக்கு வழக்கமாகிடும். அப்புறம் புதுசா எழுதுறவன் அந்தத் தப்பையும் சேர்த்து சமாளிக்கணும். பாதுகாப்பு ஓட்டையும் அங்கேதான் விழும். 2023-ல் வந்த ஒரு ஆர்எஃப்சி இந்த விதியால் வந்த கெடுதல்களைத்தான் விலாவாரியா பேசுது. அவர் நடத்திய வரிசையிலேயே அவரை மறுத்து ஒரு குறிப்பு வருது. அவர் இருந்திருந்தா அதையும் எடிட் பண்ணி எண் போட்டு வெளியிட்டிருப்பார்னுதான் எனக்குத் தோணுது.

இப்போ அந்த ஃபின்லாந்துக்காரர். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். டெல்நெட்டும் எஃப்டிபியும் பாஸ்வேர்டை அப்படியே திறந்த தபாலா அனுப்பும், ஏன்னா அவை பிறந்த காலத்தில் நெட்வொர்க்கில் இருந்தவங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க. அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு இல்லோனன் அந்த ரெண்டுக்கும் மாற்றாக எஸ்எஸ்எச் எழுதினார். ரெண்டுக்கும் நடுவில் 22 காலியாக இருந்தது. போஸ்டலின் ஐயானா அலுவலகத்துக்கு மெயில் போட்டு அந்த எண்ணைக் கேட்டார். மறுநாளே ஜாய்ஸ் ரெனால்ட்ஸிடமிருந்து பதில் வந்தது: 22 உங்களுக்கு. ஃபீஸ் இல்லை, ஃபார்ம் இல்லை, மூணு காப்பி ஜெராக்ஸ் இல்லை, கையெழுத்துக்கு ரெண்டு நாள் அலையவும் இல்லை.

நம்ம டனல் கதை இங்கேதான் வந்து முட்டுது. ஹாஸ்டல் வைஃபைல உங்க லேப்டாப்புக்கு 192.168-ன்னு தொடங்குற ஒரு உள்ளூர் எண்தான் இருக்கும். அட்ரஸ் பற்றாக்குறை வந்த பிறகு, 1990-கள்ல வந்த ஒட்டுவேலை இது. உள்ளே இருந்து வெளியே கூப்பிடலாம். வெளியே இருந்து யாரும் உள்ளே கூப்பிட முடியாது, ரவுட்டர் கதவைத் திறக்காது. போஸ்டல் காலத்து ஐபியில் இப்படி ஒரு தடுப்பே கிடையாது, எந்தக் கணினியும் எந்தக் கணினியையும் நேரா கூப்பிடலாம். டனல் என்ன பண்ணுதுன்னா, உங்க லேப்டாப் வெளியே பொது அட்ரஸ் இருக்கிற ஒரு சர்வரைத் தானே கூப்பிட்டு, லைனை வைக்காம பிடிச்சுக்குது. மேடம் போன்ல இருந்து வர்ற ரிக்வெஸ்ட் அந்த சர்வருக்குப் போகும். சர்வர் அதை ஏற்கெனவே திறந்திருக்கிற லைன் வழியா உங்க லேப்டாப்புக்குத் தள்ளும். லேப்டாப் அதை 127.0.0.1-ல் 3000-க்குக் கொடுக்கும். பதில் அதே வழியில் திரும்பும். எஸ்எஸ்எச்-ல ரிமோட் ஃபார்வர்டிங்னு இதையே செய்யலாம், உங்ககிட்ட வெளியே ஒரு சின்ன சர்வர் இருந்தா போதும். என்க்ராக், கிளவுட்ஃப்ளேர் டனல் மாதிரி டூல்கள் அந்த சர்வரையும், ஒரு டொமைன் பெயரையும் சேர்த்தே கொடுத்துடுது.

ஒரு விஷயத்தை மட்டும் கவனிங்க. லூப்பேக்ல ஓடுறது வெளியே தெரியாதுங்கிற தைரியத்துலதான் நாம டெவலப்மென்ட் சர்வர்ல பாஸ்வேர்ட் இல்லாம விடுறோம், டீபக் மோடை ஆன்ல வைக்கிறோம். டனல் போட்ட நிமிஷம் வெளியாள் வந்து தட்டுறதும் 127.0.0.1-ல இருந்து வர்ற மாதிரியேதான் சர்வருக்குத் தெரியும். உள்ளூர்ல இருந்து வந்தா நம்பலாம்னு கோட்ல ஒரு வரி எழுதி வச்சிருந்தீங்கன்னா, போச்சு. எங்க கோட்ல அப்படி ஒரு வரி இருந்துச்சு, அட்மின் பக்கத்துக்கு. அந்த ராத்திரி எந்த பாட்டும் அந்தப் பக்கத்தோட பேரைச் சரியா ஊகிக்கலை. அதனாலதான் தப்பிச்சோம், திறமையால இல்லை.

போஸ்டல் கதையில் கடைசி வருஷம் பாக்கி.

1990-களின் நடுவில் இணையத்தில் பணம் புகுந்தது. காம் பெயர்களைப் பதிவு செய்யும் ஒப்பந்தம் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே கம்பெனியிடம் இருந்தது. 1995 செப்டம்பரிலிருந்து வருஷத்துக்கு 50 டாலர் வாங்க ஆரம்பித்தார்கள். புது மேல்மட்டப் பெயர்கள் வேண்டும், போட்டி வேண்டும் என்று போஸ்டலும் நண்பர்களும் திட்டம் போட்டார்கள். வக்கீல்கள் வந்தார்கள், டிரேட்மார்க் கம்பெனிகள் வந்தன, அரசாங்கம் வந்தது. போஸ்டல் மேல வழக்கும் வசையும் விழ ஆரம்பித்தது. எண் கொடுக்கிற வேலையில் அவருக்கு இருந்த அதிகாரம் என்பது எல்லாரும் அவரை நம்பினாங்க என்பது மட்டும்தான். கோர்ட்டில் காட்ட அது ஒரு காகிதம் இல்லை.

டிஎன்எஸ்-ன் உச்சியில் ரூட் சர்வர்கள் இருக்கு. அன்றைக்கு அதில் முதன்மையானது அந்தக் கம்பெனியிடம் இருந்தது, மற்றவை அதிலிருந்து ஃபைலை நகல் எடுத்துக்கொள்ளும். 1998 ஜனவரி 28-ஆம் தேதி போஸ்டல் எட்டு ரூட் சர்வர்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு மெயில் அனுப்பினார். இனிமேல் ஃபைலை அங்கே எடுக்க வேண்டாம், என் இடத்தில் இருக்கிற சர்வரிலிருந்து எடுங்கள் என்று. எட்டு பேரும் மாற்றினார்கள். காரணம் கேட்கவில்லை, சொன்னது ஜான். ரெண்டு பக்கமும் ஒரே ஃபைல் இருந்ததால் பயனர் ஒருத்தருக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் இணையத்தின் பெயர் அமைப்பு ரெண்டாகப் பிரிய முடியும் என்ற நிலை வந்துவிட்டது. வெள்ளை மாளிகையில் இணையக் கொள்கையைப் பார்த்துக்கொண்டிருந்த ஐரா மாகசைனருக்கு விஷயம் போனது. கடுமையான பேச்சு நடந்தது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் பழையபடி ஆனது. இது ஒரு சோதனை, அவ்வளவுதான் என்று போஸ்டல் சொல்லிவிட்டார்.

நிஜமாவே சோதனையா? அமெரிக்க அரசு தன் திட்ட அறிக்கையை வெளியிட ரெண்டு நாள் இருந்தபோது இது நடந்திருக்கு. கடிவாளம் யார் கையில் இருக்குன்னு அவர் ஒரு தடவை காட்டினார் என்றுதான் பலரும் நினைக்கிறாங்க, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அது சரியா தப்பான்னு யோசிச்சு யோசிச்சு எனக்கு முடிவு கிடைக்கலை. அவர் நல்லவர், அதனால ஒண்ணும் ஆகலை. அதே இடத்துல வேற ஒருத்தர் இருந்திருந்தா? ஒரே ஆள் அனுப்புற ஒரு மெயிலுக்கு உலக நெட்வொர்க் தலையாட்டுதுங்கிறது அழகாவும் இருக்கு, பயமாவும் இருக்கு. முன்னாடி யாருக்கும் தோணாத அந்த பயம், அந்த வாரத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் தோணிடுச்சு.

அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. தன் நோட்டை ஒரு அமைப்பிடம் ஒப்படைக்கிற வேலையில் அந்த வருஷம் முழுக்க ஓடினார். 1998 செப்டம்பர் 30-ஆம் தேதி ஐகேன் நிறுவனம் பதிவானது. 16 நாள் கழித்து, அக்டோபர் 16-ஆம் தேதி, இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏற்பட்ட சிக்கலில் போஸ்டல் இறந்துபோனார். வயது 55. ஏற்கெனவே 1991-ல் அவருக்கு இதய வால்வு மாற்றியிருந்தார்கள்.

அதே மாசம் விண்ட் செர்ஃப், பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்த நண்பர், ஒரு அஞ்சலி எழுதினார். அது பத்திரிகையில் வரவில்லை, 2468 என்ற எண்ணோடு ஆர்எஃப்சியாகவே வந்தது. போஸ்டல் தன் வாழ்நாளில் எழுதினதும் சேர்ந்து எழுதினதும் 200-க்கும் மேல். கடைசியில் அவரே அந்த வரிசையில் ஒரு எண்ணாகிட்டார். எடிட்டர் வேலையை ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் பாப் ப்ரேடனும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நோட்டு 1994 அக்டோபரில் கடைசியாக ஆர்எஃப்சி வடிவில் அச்சானபோது 230 பக்கம். அதுக்கப்புறம் ஆன்லைன் பட்டியலாகிவிட்டது. ஐயானா தளத்தில் இப்பவும் இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம். சும்மா இருக்கட்டும்னு அதுல எங்க 3000-ஐத் தேடிப் பார்த்தேன். காலியா இல்லை. ஜெர்மன் வங்கிகள் வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறதுக்காக உருவாக்கின எச்பிசிஐ-ங்கிற முறைக்கு ஒதுக்கின எண்ணாம் அது. நாங்க யாரையும் கேட்காமலே நாலு மாசமா அதுல உட்கார்ந்திருக்கோம்.

ஃபைனல் ரிவ்யூ அடுத்த புதன்கிழமை. அட்மின் பக்கத்துக்கு பாஸ்வேர்ட் போட்டாச்சு. டனலை மூடுறது இந்தத் தடவை என் ரூம்மேட் பொறுப்பு.